அலை ஓய்ந்து கடலாடலாமா?

"அலை ஓய்ந்து கடலாடலாமா?" என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. நாளை பார்ப்போம், நாளை மறுநாள் பார்ப்போம் என்று கருமத்தைத் தள்ளிப்போடும் சோம்பேறியைத் தட்டியெழுப்பப் பெரியோர் வைத்த சொல் அது. பரீட்சை நெருங்கும் காலத்தில் மாணாக்கருக்கு நாமும் அதனை எத்தனையோ முறை எடுத்துக் கூறியிருக்கிறோம். ஆனால், அதே பழமொழியை நம்மிடம் கற்ற ஒருவரே நம்மை நோக்கித் திருப்பிக் கேட்டபோது சற்றுத் திகைத்துத்தான் போனோம். பழைய கடிதக் கட்டொன்றை அண்மையிற் பிரித்துப் பார்த்தபோது அவருடைய கடிதங்கள் இரண்டு அகப்பட்டன. ஒன்று 2018 இல் எழுதப்பட்டது. மற்றையது அதற்கு அடுத்த ஆண்டில் வந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தபோது, இவற்றை இப்பகுதியின் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ளல் நன்று எனத் தோன்றியது.

நாம் ஆசிரியத் தொழிலிற் புகுந்த தொடக்க ஆண்டுகளில் உயர்தர வகுப்பிற் பௌதிகம் கற்றவர் அவர். கடலோரக் கிராமத்துப் பிள்ளை. பின்னர் அமெரிக்கா சென்று எந்திரவியல் கற்று, வட கரோலைனா மாநிலத்துக் கரையோரத்தில் அப்போது கட்டப்பட்டுவந்த பாலமொன்றின் வேலையில் அமர்ந்தார். மனைவியுடனும் பெண்குழந்தையுடனும் அவர் குடியிருந்த இடம் ஹற்றராஸ் தீவு. கண்டத்தின் கரையை விட்டு விலகி, அத்திலாந்திக் சமுத்திரத்தில் நாடாவை விரித்துப் போட்டாற்போல நீண்டு கிடக்கும் மணற்றீவுகளுள் அது ஒன்று. அதன் ஒரு பக்கம் பெருங்கடல். மறு பக்கம் பாம்லிக்கோ என்னும் பெரிய களப்பு. தரைவழியாக வெளியேறுவதற்கு 12 ஆம் இலக்க நெடுஞ்சாலை ஒன்றே உண்டு. அதுவும் ஒடுங்கிய இருவழிப் பாதை.

அத்தீவில் அவர் ஒரு விளையாட்டைப் பழகிக்கொண்டார். நீண்ட பலகையொன்றில் ஏறி நின்று, கரையை நோக்கி வரும் அலையின் சரிவில் வழுக்கி வருவதே அது. அலைச்சறுக்கு என்று நாம் அதனை அழைக்கலாம். நம் நாட்டின் அறுகம்பையில் வெளிநாட்டார் இதனை விளையாடக் கண்ட வாசகர் பலர் இருப்பர்.

இவ்விளையாட்டுக்காரருக்குச் சூறாவளி என்றால் ஏன் இத்தனை ஆவல்? அதற்கு விடை பௌதிகத்தில் உண்டு. காற்று கடலின்மேல் நெடுந்தூரம், நெடுநேரம், ஒரே திசையில் வீசினால் பெரிய அலைகள் எழும். அவை பிறந்த இடத்திலேயே நில்லாது, காற்றை விட்டுப் பிரிந்து நெடும்பயணம் புறப்படுகின்றன. குறுகிய அலைகள் வழியிலேயே சோர்ந்துவிட, நீண்ட அலைகள் முன்னே விரைகின்றன. ஓர் அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே 14 செக்கன் கழியுமாயின், ஆழ்கடலில் அந்த அலைக்கூட்டம் மணிக்கு ஏறக்குறைய 24 மைல் வேகத்திற் செல்லும். ஒரு நாளில் 580 மைல் கடந்துவிடும். சூறாவளியோ பெரும்பாலும் மணிக்கு 10 அல்லது 15 மைல் வேகத்தில் நகர்வது. ஆதலின், புயலுக்கு முன்னதாகவே அதன் அலை கரைக்கு வந்து சேருகிறது. வோல்ற்றர் மங்க் என்னும் சமுத்திரவியல் அறிஞர் 1963 இல் பசிபிக் சமுத்திரத்திற் பல நிலையங்களை அமைத்து, தென்கடற் புயல்களிற் பிறந்த அலைகள் அலாஸ்கா வரை செல்வதைத் தொடர்ந்து அளந்து காட்டினார். அறுகம்பையில் உடையும் நீண்ட அலைகளும் தெற்கே வெகுதொலைவிலுள்ள புயல்கள் அனுப்பியவையே.

வானம் நீலம், வெயில் இதமானது, காற்றோ மெல்லியது. அவ்வேளையில், வரிசை குலையாத நெடிய அலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையை நோக்கி வருகின்றன. ஆண்டு முழுவதும் காத்திருந்தவனுக்கு இது விருந்தன்றோ? ஆனால் அவ்விருந்தை அனுப்பியவன் யார் என்பதை மறந்துவிடலாகாது. அலையின் உயரம் இருமடங்கானால் அதன் சக்தி நான்கு மடங்காகும். கரையில் ஏறிய நீர் மீண்டும் கடலுக்குத் திரும்பும்போது ஒடுங்கிய ஆறுபோலப் பாய்ந்து, நீந்துவோனை இழுத்துச் செல்லும். 2008 இல் பேர்த்தா என்னும் சூறாவளி கரையிலிருந்து 1,000 மைலுக்கு அப்பால் நின்றபோதே, நியூஜேர்சிக் கரையில் மூவர் இத்தகைய நீரோட்டத்தில் மாண்டனர். மேரிலன்ட் மாநிலத்து ஓஷன் சிற்றி என்னும் நகரின் கரையில் மாத்திரம் ஒரு வாரத்துக்குள் ஏறக்குறைய 1,500 தடவை காவலர் கடலிற் குதித்து மக்களை மீட்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு, அதாவது 2009 இல், ஐக்கிய அமெரிக்காவிற் சூறாவளிகளால் நேரடியாக மடிந்தவர் அறுவர். அறுவரும் பேரலையாலோ இழுவை நீரோட்டத்தாலோ மூழ்கி இறந்தவர்களே. வீடு இடிந்து இறந்தவர் ஒருவருமில்லை.

இனி, முதலாவது கடிதத்துக்கு வருவோம். 2018 செப்டெம்பர் 10 ஆம் திகதி புளோரன்ஸ் என்னும் சூறாவளி நான்காம் தரத்தை அடைந்து கரோலைனாக் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஹற்றராஸ் தீவிலுள்ளோர் யாவரும் வெளியேறவேண்டும் என்று கட்டளை பிறந்தது. அன்றைக்குக் கடலிலோ, கண்டோர் வியக்கும் அலை. நம் மாணாக்கரின் நண்பர் சிலர், "இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, நாளை காலை வரை சறுக்கிவிட்டுப் போகலாம்" என்றனர். வேறு சிலர் போவதே இல்லை என்று முடிவுசெய்தனர். அயல்வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். சிறு பராயம் முதல் அக்கடலில் அலைச்சறுக்கியவர். அவர், "தம்பி, எத்தனை புயலைக் கண்டவன் நான்! கடல் என்னிடம் சொல்லாமல் ஒன்றும் செய்யாது" என்றாராம்.

அன்றிரவு நம் மாணாக்கர் ஒரு தாளை எடுத்து நடுவிற் கோடிட்டார். ஒரு பக்கம் தங்குவதற்கான காரணங்கள். மறு பக்கம் போவதற்கான காரணங்கள். தங்கினால் வீட்டைப் பார்த்துக்கொள்ளலாம். அலையும் கிடைக்கும். போய்விட்டால், அனுமதி கிடைக்கும்வரை எத்தனை நாள் வெளியே காத்திருக்க நேருமோ தெரியாது. விடுதிச் செலவு வேறு. மறு பக்கத்திலோ, இருப்பது ஒரே பாதை. அதன்மேல் மணலும் நீரும் ஏறிவிட்டால் பின்னர் விரும்பினாலும் போகவியலாது. அவர் எழுதிக்கொண்டிருக்கையில் நான்கு வயது மகள் வந்து, அத்தாளின் மூலையில் ஒரு படகு வரைந்து, அதில் மூன்று பேரை இருத்தினாளாம். அவர் பேனாவை மூடினார். மறுநாள் விடியுமுன் மூவரும் புறப்பட்டுவிட்டனர்.

நடந்தது யாது? புளோரன்ஸ் தென்மேற்கே விலகிற்று. செப்டெம்பர் 14 ஆம் திகதி, ஹற்றராசிலிருந்து ஏறக்குறைய 150 மைலுக்கு அப்பால், றைற்ஸ்வில் பீச் என்னுமிடத்தருகே, முதலாந் தரச் சூறாவளியாய் மெலிந்து கரையேறியது. நம் மாணாக்கரின் வீட்டில் ஓர் ஓடுகூட அசையவில்லை. திரும்பிவந்த அவரை நண்பர்கள் சிரிப்புடன் வரவேற்றனர். "ஆயுளிற் சிறந்த அலையைத் தவறவிட்டாயே!" என்றனர். அப்போதுதான் அவர் நமக்கு எழுதினார்: "மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்கட்கு, அலை ஓய்ந்து கடலாடலாமா என்று தாங்களே எங்களுக்குக் கற்பித்தீர்கள். நான் அலைக்குப் பயந்து ஓடினேன். ஒன்றும் நிகழவில்லை. நான் கோழைதானா? அடுத்த முறையும் ஓடவேண்டுமா?"

நாம் உடனே விடையெழுதவில்லை. இக்கேள்வி எளிதன்று. வெளியேறுதலும் துன்பமற்ற செயலன்று. 2005 இல் றீற்றா என்னும் சூறாவளிக்கு அஞ்சி ரெக்சாஸ் கரையோர மக்கள் ஒரே நேரத்திற் புறப்பட்டபோது, நெடுஞ்சாலைகளில் வாகனங்கள் அசைய இடமின்றி வெயிலில் நின்றன. முதியோர் இல்லமொன்றிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டவர்களின் பேருந்து தீப்பற்றி 23 பேர் மாண்டனர். இவற்றை அறிந்தவன் "கட்டளை வந்தால் ஓடு" என்று வாய்ப்பாடாகச் சொல்லிவிட முடியாது. அலைச்சறுக்குவோர் யாவரும் மூடரென்று ஒதுக்குதலும் நியாயமன்று. காற்றின் திசை, அலையின் நேர இடைவெளி, மணற்றிட்டின் வடிவம் ஆகியவற்றைப் புத்தகம் படித்த நம்மைவிட அவர்கள் நுட்பமாக அறிவர். ஆயினும் சில நாட்கள் சிந்தித்த பின் பின்வருமாறு எழுதினோம்.

"தம்பி, நீர் கணக்கிற் கெட்டிக்காரர். ஆதலாற் கணக்காகவே சொல்லுவோம். பத்துப் பேர் கண்ணை மூடிக்கொண்டு நெடுஞ்சாலையைக் கடக்கிறார்கள். ஒன்பது பேர் அக்கரை சேர்ந்துவிடுகிறார்கள். சேர்ந்த ஒன்பது பேரும் கண்ணை மூடியது சரியென்று ஆகிவிடுமா? ஒரு தீர்மானத்தின் தகுதியை, அதனைச் செய்த வேளையில் நாம் அறிந்திருந்தவற்றைக் கொண்டே அளக்கவேண்டும்; பின்னர் நிகழ்ந்ததைக் கொண்டு அன்று. புயல் எங்கே திரும்பும் என்பது 10 ஆம் திகதி உமக்கும் தெரியாது. உம் நண்பருக்கும் தெரியாது. அவர்களுக்குக் கிடைத்தது அலை மாத்திரமன்று, அதிர்ஷ்டமும் கிடைத்தது. அதிர்ஷ்டத்தை அறிவென்று மயங்குவோமாயின், அடுத்த முறை அது கைவிடும்போது நம்மிடம் ஒன்றும் இராது.

"இன்னொன்று. 'முதலாந் தரமாக மெலிந்துவிட்டதே' என்று அவர்கள் சிரித்ததாக எழுதியிருந்தீர். அந்தத் தரவரிசை காற்றின் வேகத்தை மட்டுமே அளப்பது. மழையையும் கடற்பெருக்கையும் அது அளப்பதில்லை. மெலிந்த அதே புளோரன்ஸ் மெல்ல நகர்ந்து, எலிசபெத்ரவுண் என்னும் ஊரில் ஏறக்குறைய 36 அங்குல மழையைக் கொட்டியது. அதனால் நேரடியாக இறந்தோரிற் பெரும்பாலோர் மழைவெள்ளத்தில் மடிந்தவர்கள். 1963 முதல் 2012 வரை ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய புயல்களில் மாண்டோரை ஆராய்ந்த அறிஞர், பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கினர் நீராலேயே மாண்டனர் என்றும், மொத்தத்தில் ஏறக்குறைய அரைப்பங்கினர் கடற்பெருக்கால் மாண்டனர் என்றும் கண்டனர். நாமோ காற்றின் எண்ணைக் கேட்டு நெஞ்சாறுகிறோம்.

"கடைசியாக ஒன்று. கட்டளைக்குப் பின் கடலில் நிற்பவன் தன் உயிரை மட்டும் பணயம் வைக்கவில்லை. அவன் பலகை உடைந்து கையசைத்தால், எவனோ ஒருவன் படகை இறக்கவேண்டும். அவன் வீட்டிலும் ஒரு பிள்ளை படகு வரைந்துகொண்டிருக்கும். காற்று அளவுமீறினால் மீட்பு வாகனங்களும் நிறுத்தப்படும்; அப்போது கூப்பிட்டும் பயனில்லை. கோழைத்தனம் பற்றிக் கேட்டீர். உம் தீவின் கலங்கரை விளக்கத்தைப் போய்ப் பாரும். 1870 இல் ஒளியேற்றப்பட்ட அச்செங்கற் கோபுரத்தைக் கடல் அரித்து நெருங்கியபோது, 1999 இல் அதனை முழுமையாகப் பெயர்த்து 2,900 அடி உள்ளே நகர்த்தி வைத்தார்கள். கோபுரம் கோழையாகிவிட்டதா? இன்றும் அதுதான் கப்பல்களுக்கு வழிகாட்டுகிறது."

இக்கடிதத்துக்கு நெடுநாள் விடை வரவில்லை. உபதேசம் அளவுக்கு மிஞ்சிவிட்டது போலும் என்று நாமே நம்மைக் கடிந்துகொண்டோம். ஓராண்டு கழிந்தபின் இரண்டாவது கடிதம் வந்தது.

2019 செப்டெம்பர் 1 ஆம் திகதி பஹாமாஸ் தீவுகளை மணிக்கு 185 மைல் வேகக் காற்றாற் சிதைத்த டோரியன் என்னும் சூறாவளி, பின்னர் மெலிந்து வடக்கே கரோலைனாக் கரையோரமாக ஊர்ந்து வந்தது. மீண்டும் கட்டளை; மீண்டும் அழகிய அலை; மீண்டும் "மெலிந்துவிட்டது" என்ற பேச்சு. சென்ற ஆண்டின் சிரிப்பு இன்னும் காதில் ஒலித்தமையால், இம்முறை தங்கிவிடலாமா என்று நம் மாணாக்கரும் ஒரு கணம் தடுமாறினாராம். பின்னர் பழைய தாளைத் தேடி எடுத்து, மூலையிலிருந்த படகைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டார். அயல்வீட்டுப் பெரியவர் மட்டும் தம் நாயுடன் தங்கினார்.

செப்டெம்பர் 6 ஆம் திகதி டோரியன் ஹற்றராஸ் முனையிற் கரையேறியது. பாம்லிக்கோக் களப்பு 80 மைல் நீளமும் 15 முதல் 30 மைல் வரை அகலமும் உடையது. ஆயினும் ஆழம் குறைந்தது. ஆழமில்லாத நீரைக் காற்று எளிதாகத் தள்ளும். முதலிற் கிழக்கிலிருந்து வீசிய காற்று அந்நீரைக் கண்டத்துப் பக்கமாக ஒதுக்கி வைத்தது. தாம்பாளத்தைச் சாய்த்தால் நீர் ஒரு பக்கம் திரள்வது போல என்க. புயலின் மையம் கடந்ததும் காற்று திசைமாறி மேற்கிலிருந்து வீசியது. திரண்டிருந்த நீர் முழுவதும் திரும்பி, தீவுகளின் முதுகுப்புறமாகப் பாய்ந்தது. அடுத்துள்ள ஒக்கிரக்கோக் தீவில் சில இடங்களில் நிலத்துக்கு மேல் 7 அடி வரை நீர் ஏறியது. அங்கே ஏறக்குறைய 800 பேர் வெளியேறாது தங்கியிருந்தனர். அவர்களுட் பலர் மேல்மாடிகளிலும் பரண்களிலும் ஏறி உயிர்தப்பினர். அங்கே உயிர்ச்சேதம் நேராமை பெரும் புண்ணியமே.

நம் மாணாக்கர் திரும்பியபோது பெரியவர் வீட்டுப் படியில் ஈர உடையுடன் இருந்தாராம். இரவு முழுவதும் அவர் கடற்பக்கத்து யன்னலில் நின்று, தாம் நன்கறிந்த கடலைக் கண்காணித்திருக்கிறார். கடலோ மணல்மேட்டைத் தாண்டவில்லை. திரும்பிப் பார்த்தபோது, பின்வாசற் கதவின் கீழாக நீர் நுழைந்துகொண்டிருந்தது. சிறிது நேரத்துக்குள் அவருடைய அலைச்சறுக்குப் பலகைகள் வீட்டுக்குள்ளேயே மிதந்தன. நாயைத் தோளிற் சுமந்துகொண்டு பரணில் ஏறினார். "தம்பி, ஐம்பது ஆண்டாக முன்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், தண்ணீர் கொல்லைப்புறத்தால் வந்தது" என்றாராம். அவ்வளவுதான். நம் மாணாக்கரும் சிரிக்கவில்லை. இருவரும் சேர்ந்து வீட்டிலிருந்த சேற்றை வாரிக் கொட்டினார்கள் என்று கடிதம் முடிகிறது.

அன்பர்களே, பிறருக்கு உபதேசம் எழுதிய நாம் மேலானவர் என்று எண்ணிவிடவேண்டாம். 2020 டிசெம்பர் 2 ஆம் திகதி இரவு புரேவிச் சூறாவளி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடைப்பட்ட கரையைக் கடந்தது. அஞ்சிய அளவுக்கு அழிவு நேரவில்லை. மறுநாட் காலை, கரையோர மக்களைப் பாடசாலைகளிற் கொண்டுபோய் இருத்தியதைப் பற்றி, "வெறுங் காற்றுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று நம் வாயிலிருந்தே சொற்கள் புறப்பட்டன. சொல்லி முடிக்குமுன் அந்தப் பெரியவரின் கொல்லைக் கதவு நினைவுக்கு வந்தது, நாணிப் போனோம். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியைக் கண்ட முதியோர் அக்காலையில் நம் அருகில் இருந்திருப்பின், நம்மைப் பார்த்து என்ன சொல்லியிருப்பரோ!

விலகிச் செல்லும் ஒவ்வொரு புயலும் நமக்கு ஒரு பாடத்தை விட்டுச் செல்கிறது. அப்பாடத்தை, "எச்சரித்தவர் பொய்யர்" என்று வாசிப்பதா, "இம்முறை தப்பினோம்" என்று வாசிப்பதா என்பதிலேயே அடுத்த புயலில் ஒரு குடும்பத்தின் உயிர் தங்கியிருக்கிறது. மாணவச் செல்வங்கள் இதனைக் கடலுக்கு மட்டும் உரியதென்று கொள்ளவேண்டா. படியாமற் சென்று ஒருமுறை சித்தியெய்தியவனும், விளக்கின்றி ஒருமுறை இராப்பயணம் செய்து வீடு சேர்ந்தவனும் தத்தம் அதிர்ஷ்டத்தை ஆற்றலென்று நம்பத் தொடங்குகிறார்கள். கொல்லைக் கதவு அவர்களுக்கும் உண்டு.

அலை ஓய்ந்து கடலாட முடியாதுதான், பழமொழி பொய்யன்று. ஆயினும் அலை நாளையும் வரும், மறுநாளும் வரும். கடலாடுவதற்கு ஆள் இருக்கவேண்டுமே!